கிணற்றுக்கு நடுவால் வேலி

இருங்கோ விதானையார், இருங்கோ. அந்த வாங்கில இருங்கோ. நடுவில இருக்காதையுங்கோ, கூரை ஒழுகுது. தேத்தண்ணி தாறன். ஆனால் இப்பவே சொல்லிப்போட்டன், தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு வந்த வழியால போகவேண்டியதுதான். பக்கத்து வீட்டுப் பறுவதத்தின்ர பாடை என்ர வளவுக்குள்ளால போகாது. வேலியில ஒரு கிடுகு பிரிக்க விடமாட்டன்.

மழை எண்டு சொல்லுறியள். வாய்க்கால் உடைச்சு அவளின்ர ஒழுங்கையில இடுப்பளவு தண்ணி எண்டு சொல்லுறியள். எனக்குத் தெரியாதோ? நானும் இந்த மூண்டாம் வாய்க்காலிலதானே இருக்கிறன். தண்ணி வத்தும். நாளைக்கு வத்தாட்டி நாளையிண்டைக்கு வத்தும். செத்தவளுக்கு என்ன அவசரம்? உயிரோட இருக்கேக்கை என்ர படலையை மிதிக்காதவ, செத்தாப்பிறகு நாலு பேரின்ர தோளில ஏறிக்கொண்டு வாறாவோ?

பிரேதம் கிடக்கிற வீட்டைப் பற்றி இப்பிடிக் கதைக்கக்கூடாது எண்டு நினைக்கிறியள். முகத்தில தெரியுது. நீங்கள் மன்னார்ப் பக்கம் எண்டு கேள்வி. அரசாங்கம் உங்களை இஞ்ச விதானையாய் அனுப்பி எத்தினை மாசம்? உங்களுக்கு ஒண்டும் தெரியாது. "சிவக்கொழுந்தக்கா பொல்லாதவ, எண்டாலும் விதானையார் போய்க் கேட்டால் மறுக்கமாட்டா" எண்டு ஆரோ அனுப்பியிருக்கினம். மறுப்பன். ஏன் மறுக்கிறன் எண்டதையும் கேட்டுக்கொண்டு போய்ச் சொல்லுங்கோ. எல்லாம் முதலாம் வருசத்துக் கதை. இஞ்ச காடு வெட்டின வருசம். அந்த வருசத்தைத் தெரியாதவை இந்தக் கொலனியில ஒருத்தருக்கும் நியாயம் சொல்ல வரக்கூடாது.

எங்கட ஊர் யாழ்ப்பாணத்தில. தோட்டக் காணி, செம்மண். அங்கை எங்கட ஐயாவுக்கும், இந்தப் பறுவதத்தின்ர புருசன் வைத்திலிங்கத்தின்ர தேப்பனுக்கும் வேலி வழக்கு. கதியால் எண்டால் தெரியுமெல்லே? வேலிக்கு நடுகிற பூவரசந்தடி. நட்டால் வேர் விட்டுத் தளிர்த்திடும். தளிர்த்தால் அதுதான் எல்லை, பேந்து ஆண்டவன் வந்தாலும் அசைக்கேலாது. அந்தாள் ஒரு மாசி மாசம் வேலி அடைக்கேக்கை, கதியாலை ஒரு முழம் எங்கட பக்கம் தள்ளி நட்டுப்போட்டான். மல்லாகம் கோட்டில வழக்கு. நான் பிறந்த வருசம் துடங்கின வழக்கு, நான் கலியாணம் முடிக்கேக்கையும் முடியேல்லை. தவணைக்குத் தவணை ஐயா தலைப்பாகை கட்டிக்கொண்டு போவார், வந்து சாப்பிடாமல் படுப்பார். நான் வளர்ந்தது அந்த ஒரு முழத்தோடதான். பள்ளிக்கூடத்தில கூட அந்த வீட்டுப் பிள்ளையளுக்குப் பக்கத்தில இருக்கமாட்டன்.

அப்பதான் வன்னிக் காட்டை வெட்டிச் சனத்துக்குக் காணி குடுக்கினம் எண்டு கதை வந்தது. வயல் ஒரு பக்கம், மேட்டுக்காணி ஒரு பக்கம், தகரம் போட்ட வீடு. எங்கட ஆக்கள் ஒருத்தரும் விரும்பேல்லை. காய்ச்சல், யானை, கரடி, பாம்பு எண்டு சொல்லிச்சினம். நான்தான் இவரைப் பிடிச்சுத் தள்ளினது. இவர் எண்டால் என்ர அவர், அருளம்பலம். போய்ச் சேர்ந்திட்டார், நல்ல மனுசன், வாய் திறக்கமாட்டார். "யானை மிதிச்சாலும் பரவாயில்லை, உந்தச் சனத்தின்ர மூஞ்சியில முழிக்காத ஒரு இடத்துக்குப் போவம்" எண்டு சொல்லி அனுப்பினன். வைகாசியில போனார். நான் வயித்தில பிள்ளையோட அம்மா வீட்டில நிண்டன்.

ராசன் பிறந்து பாக்க வந்தார். பிள்ளையைப் பாத்தார், என்னைப் பாத்தார், பிறகு நிலத்தைப் பாத்தார்.

"காணி விழுந்ததோ?" எண்டன்.

"விழுந்தது. சீட்டுக் குலுக்கித்தான் தந்தவை. நல்ல மேட்டுக்காணி."

"பக்கத்துக் காணி ஆருக்கு?"

"வைத்திலிங்கத்துக்கு."

"எந்த வைத்திலிங்கம்?"

"உங்கட வைத்திலிங்கம்தான்" எண்டார்.

கேட்டியளோ விதானையார்? அவங்களும் எங்களை விட்டுத் தப்பத்தான் வன்னிக்கு மனுக் குடுத்திருக்கிறாங்கள். அவ்வளவு பெரிய காட்டில, அவ்வளவு சீட்டுக்குள்ள, இவர் கையை விட்டு எடுத்தது அதைத்தான். இவருக்குக் கைராசி அப்பிடி.

சரி, விதி எண்டு வந்தன். ஆனால் வெறுங்கையோட வரேல்லை. மற்றச் சனம் விதைநெல்லு கொண்டு வந்ததுகள், கோழி கொண்டு வந்ததுகள், சட்டி பானை கொண்டு வந்ததுகள். நான் லொறி நிறையக் கிடுகு கொண்டு வந்தனான். எங்கட தென்னையின்ர ஓலையில ஐயா பின்னித் தந்துவிட்ட கிடுகு. ஈரச் சாக்கில சுத்தினபடி பூவரசங் கதியால் ஒரு கட்டு. லொறிக்காரன் சிரிச்சான். "அக்கை, காட்டுக்கு வேலி கொண்டு போற ஆளை இண்டைக்குத்தான் கண்டனான்" எண்டான். சிரிக்கட்டும். காட்டில தடிக்குப் பஞ்சமில்லை. ஆனால் காட்டுத் தடியைக் கறையான் ஒரு மாரியில திண்டிடும். எல்லை எண்டால் பூவரசு நிக்கவேணும்.

வந்து இறங்கேக்கை பாக்கிறன், எரிச்ச மண். கருகின அடிக்கட்டையள். அங்கொண்டும் இங்கொண்டுமாய்த் தகர வீடு. இந்த ரெண்டு வீட்டை விட்டால் அடுத்த வீட்டுக்குக் கூப்பிட்டால் கேக்காது. பின்னால காடு, அப்பிடியே சுவர் மாதிரி. யானைக்கும் மிச்சம் காணி கிடந்தது. ஆனால் என்ர கண்ணுக்கு முதல் பட்டது என்ன தெரியுமோ? கிணறு. ரெண்டு காணிக்கு ஒரு கிணறு எண்டு கொலனிக் கந்தோர் உத்தியோகத்தர்மார் எல்லைக்கு நடுவில வெட்டிப்போட்டுப் போயிருக்கிறாங்கள். அதுக்குப் பக்கத்தில அவள் நிக்கிறாள். இடுப்பில கைக்குழந்தை. எனக்கும் கையில பிள்ளை. ராசனுக்கும் அவளின்ர பெட்டைப் பிள்ளைக்கும் வயசில கனக்க வித்தியாசமில்லை.

"வாங்கோ அக்கை" எண்டாள். அவள் சிரிக்கிற சிரிப்பைப் பாத்தால் ஆரும் நம்புவினம்.

இவரைக் கொண்டு அடுத்த நாளே கதியால் நட வைச்சன். களை பிடுங்கேல்லை, அடுப்புக் கட்டேல்லை, முதல் வேலி. கிணத்தடி வரைக்கும் கொண்டு போய், கிணத்துக்கு நடுவாலயும் தடி போட்டுக் கிடுகு கட்டினன். யாழ்ப்பாணத்தில பங்குக் கிணத்துக்கு அப்பிடித்தான், புதினமில்லை. அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு கப்பி, இந்தப் பக்கம் எனக்கு ஒரு கப்பி. ஒரே தண்ணி. முகம் தெரியாது, வாளி விழுகிற சத்தம் மட்டும் கேக்கும்.

நான் கட்டிக்கொண்டு நிக்கேக்கை வந்து கேட்டவள். "அக்கை, ஒரு பொட்டு விடுவமே? சுத்திவரக் காடு. ஆம்பிளையள் வயலுக்குப் போனால் எனக்குப் பயமாக் கிடக்கு."

பொட்டு எண்டால் வேலியில விடுகிற ஓட்டை. பொம்பிளையள் குனிஞ்சு அயலுக்குப் போய்வர. உப்புக் கேக்க, நெருப்புக் கேக்க, ஊர்க்கதை கதைக்க. எங்கட ஊரில எல்லா வேலியிலயும் இருக்கும், அந்த வேலியில மட்டும் இருக்கேல்லை. இஞ்ச விடுவனோ? "பயமெண்டால் யாழ்ப்பாணம் போ" எண்டு சொல்லிப்போட்டுக் கிடுகை இறுக்கினன். அதுக்குப் பிறகு அவள் கேக்கேல்லை. எடுப்பு, தலைக்கனம்.

தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.

மாரி துடங்கினது. இப்ப பெய்யிறதெல்லாம் மழையோ? அந்த வருசம் பெய்தது மழை. வாய்க்கால், வயல், றோட்டு ஒண்டும் தெரியேல்லை. மழையோட குலைப்பன் காய்ச்சல் வந்தது. மத்தியானத்தில குளிரத் துடங்கும். ஆளை நிலத்தோட போட்டுக் குலுக்கும். பல்லு அடிக்கிற சத்தம் அடுத்த அறைக்குக் கேக்கும். கந்தோரில காய்ச்சலுக்கு மஞ்சள் குளிசை குடுத்தவை, வாங்கப் போறதுக்குக் கால் இருக்கவேணுமே.

மார்கழியில பறுவதத்தின்ர பெட்டை செத்தது. காய்ச்சல்தான். காலமை பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது, பின்னேரம் தாய் அழுகிற சத்தம் கேட்டது. நான் போகேல்லை. ஏன் போகோணும்? எங்களுக்கு ஆரும் சொல்லிவிடேல்லை. செத்தவீட்டுக்குச் சொல்லத் தேவையில்லை எண்டு இவர் சொன்னார், தான் போய் ஒரு மூலையில நிண்டு வந்தார். நான் என்ன செய்தனான் தெரியுமோ? மிஞ்சிக் கிடந்த கிடுகையெல்லாம் எடுத்து வேலிக்கு ரெண்டாம் பட்டு அடைச்சன். பிள்ளை செத்தவளின்ர கண், பாருங்கோ. எனக்குக் கையில பிள்ளை. வேலிக்கு அங்கால நிண்டு பெருமூச்சு விட்டாலும் பட்டிடும். தாய் எண்டால் யோசிக்கத்தானே வேணும். ராசனைக் கிணத்தடிக்கும் கொண்டு போறதில்லை. அவன் அழுதால் வாயைப் பொத்துவன், அவளுக்குச் சத்தம் கேக்கப்படாது எண்டு.

அந்த நேரம் பாத்து இவரின்ர ஐயா யாழ்ப்பாணத்தில செத்துப்போனார். இவர் போனார். போனவர் திரும்ப வர முடியாமல் வெள்ளம் றோட்டை மறிச்சுப்போட்டுது. நானும் பிள்ளையும் தனிய. எனக்குக் குலைப்பன் பிடிச்சுது.

முதல் நாள் ஞாபகம் இருக்கு. படலையைக் கட்டினது ஞாபகம், பிள்ளையைப் பக்கத்தில கிடத்தினது ஞாபகம். பால் வத்திப்போச்சு. உடம்பு கொதிச்சால் பால் எங்கால வாறது? பிள்ளை இழுத்துப் பாத்து இழுத்துப் பாத்துக் கத்தினான். பிறகு எனக்கு ஒண்டும் தெரியாது. ரெண்டு நாளோ, மூண்டு நாளோ. எழும்பிக் கிணத்தடிக்குப் போனதும் இல்லை, ஒரு வாளி அள்ளினதும் இல்லை.

ஆனால் ஒண்டு கண்டனான் விதானையார். இதை நான் எல்லாருக்கும் சொல்லுறதில்லை. கண் திறக்கேக்கை வீட்டுக்குள்ள ஒரு பொம்பிளை இருக்கிறா. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. தலையை விரிச்சுப் போட்டபடி. மடியில என்ர பிள்ளை. ஆடாமல் அசையாமல் இருந்தா. நான் கையெடுத்துக் கும்பிடப் பாத்தன், கை எழும்பேல்லை. ஆரெண்டு எனக்குத் தெரியும். வற்றாப்பளை அம்மாளாச்சி. தலைவிரி கோலமாய்க் கண்ணகை அம்மாளைத் தவிர ஆர் வாறது? இந்த வன்னி அவவின்ர காவல்தானே.

காய்ச்சல் விட்டு எழும்பிப் பாக்கிறன், பிள்ளை நித்திரை. வயிறு நிறைஞ்சு கிடக்கு. வாயோரம் பால் காய்ஞ்சு வெள்ளையாய்க் கிடக்கு. என்ர தலைமாட்டில ஈரத்துணி, செம்பில மல்லித் தண்ணி. காய்ச்சலோட நானே எழும்பி அவிச்சிருக்கிறன் போல, கைப்பழக்கம். பிள்ளைக்குப் பால் குடுத்தது அம்மாள்தான். அண்டையில இருந்து ஒவ்வொரு வைகாசியும் வற்றாப்பளையில பொங்கிறன். ஒரு வருசம் தவறேல்லை. நடக்க ஏலாத வருசமும் மாட்டு வண்டியில போய்ப் பொங்கினனான்.

இனித்தான் கதை. வெளியால வந்து பாக்கிறன், வேலி வெட்டிக் கிடக்கு! அவளின்ர பக்கத்தில இருந்து. ரெண்டு பட்டுக் கிடுகையும் கத்தியால அறுத்து, குனிஞ்சு போற அளவுக்கு ஒரு பொட்டு. நான் கேட்டுக் குடுக்காத பொட்டு. நான் செத்துக் கிடக்கிற நேரம் பாத்து எடுத்துப்போட்டாள். அதுக்குள்ளால காட்டுப் பண்டி பூந்து, இவர் நட்டு வைச்ச மரவள்ளி முழுக்கக் கிண்டித் திண்டு முடிச்சுக் கிடக்கு. ஒரு அடி மிச்சமில்லை. முதல் வருசத்துப் பயிர் விதானையார்! அந்த நாளையில முதல் வருசம் பயிர் காட்டாதவனுக்குக் காணி இல்லை எண்டு சட்டம். கொலனி ஐயா வந்து பாத்து வெறும் தரை எண்டால் பறிச்சு வேற ஆளுக்குக் குடுத்திடுவார். இப்ப விளங்குதோ அவளின்ர யோசினை? யாழ்ப்பாணத்தில ஒரு முழம் எடுத்தவை, இஞ்ச முழுக்காணியும் எடுக்கப் பாத்தவை.

விட்டனோ? காய்ச்சல் விட்ட உடம்போட, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சேத்துக்குள்ளால கந்தோருக்கு நடந்தன். கொலனி ஐயா அவளையும் கூப்பிட்டார். சனம் கூடிச்சுது. அந்த நாளையில பொழுதுபோக்கு வேற என்ன?

"நீரோ வேலியை வெட்டினது?" எண்டு கேட்டார்.

"ஓம் ஐயா."

"ஏன் வெட்டினனீர்?"

புருசன்காரன் என்னவோ சொல்ல வாயெடுத்தான், அவள் அவனின்ர கையைப் பிடிச்சு அமத்தினாள். நான் கண்ணால கண்டனான். நியாயம் இருந்தால் சொல்லியிருப்பாளோ இல்லையோ?

அந்த நேரம் ராசனுக்குப் பசி வந்திட்டுது போல, வீரிட்டு அழுதான். எனக்கு இன்னும் பால் சுரக்கேல்லை. அவன் அழ, அவள் ரெண்டு கையாலயும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். சட்டை முன்பக்கம் நனைஞ்சு போச்சு, வேர்வையாக்கும். ஒரே ஓட்டம். ஐயா கூப்பிடக் கூப்பிட நிக்கேல்லை. குற்றமுள்ளவள் அப்பிடித்தான் ஓடுவாள் எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொன்னன். நாலைஞ்சு பொம்பிளையள் நிண்டவை, எல்லாரும் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவை. அவளுக்காக வெக்கப்பட்டிருப்பினம்.

வெட்டின ஆள்தான் அடைக்கவேணும் எண்டு தீர்ப்பு. வந்து அடைச்சாள். நான் இந்தப் பக்கம் பிள்ளையோட நிண்டு பாத்தனான், ஒழுங்காய்க் கட்டுறாளோ எண்டு. ஒவ்வொரு கிடுகாய் வைச்சுக் கட்டிக்கொண்டு வாறாள், முகம் கொஞ்சம் கொஞ்சமாய் மறையுது. இந்தப் பிள்ளை, என்ர பிள்ளை, அவளைப் பாத்துக் கையை நீட்டுறான்! அறியாத குழந்தை. கையில ஒரு தட்டுத் தட்டினன். அண்டைக்கு அழுதவன் பொழுதுபடும் வரைக்கும் அழுதான்.

காணி தப்பினது எங்கட அதிட்டம். கொலனி ஐயா வெறும் தரையைக் கண்டும் காணாத மாதிரி விட்டிட்டார்.

அதோட சரி. இருவத்தைஞ்சு வருசம். கதை பேச்சில்லை, நல்லது கெட்டது இல்லை. அவளுக்குப் பேந்து பிள்ளையும் இல்லை. வைத்திலிங்கம் செத்தான், நான் போகேல்லை. இவர் செத்தார், அவள் ஒழுங்கையில நிண்டு அழுதவளாம், நான் பாக்கேல்லை. மாசிக்கு மாசி வேலி அடைப்பன். ஒரு இடம் மட்டும் நிக்காது விதானையார். அண்டைக்கு அவள் வெட்டின அதே இடம். என்ன கட்டுக் கட்டினாலும் ரெண்டு மாசத்தில பிரிஞ்சிடும். நாய்தான் பிரிக்கிறது. முதல் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. பிறகு இடுப்பு உயரம். இப்ப ஒரு ஆம்பிளை குனிஞ்சு போகலாம். உந்த அயல் நாயளெல்லாம் அப்பிடி வளருது. ராசனிட்டைச் சொல்லுவன், அடைச்சு விடடா எண்டு. "ஓமம்மா" எண்டுவான். செய்யமாட்டான். தேப்பன் மாதிரி.

அவள் செத்தது எனக்கு முதலே தெரியும் எண்டு சொன்னால் நம்புவியளோ? விடியப் புறம் அவளின்ர கப்பி கத்தும். எண்ணெய் விடாத கப்பி. அது கத்தினால்தான் நான் எழும்புறது. முந்தநாள் கத்தேல்லை. எண்ணெய் விட்டிருக்கிறாளாக்கும் எண்டு நினைச்சன். நேற்றும் கத்தேல்லை. கிணத்தடியில போய் நிண்டன், வாளியை ரெண்டு மூண்டு தரம் வேணுமெண்டு சத்தமாய் விட்டன். அங்கால ஒண்டுமில்லை. நான் ஏன் எட்டிப் பாக்கோணும்? ரெண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கேல்லை, மழைக் குளிருக்குச் சமிபாடு இல்லை. ராசன் உழவு மெசினோட கிளிநொச்சிக்குப் போயிருந்தவன். நேற்றுப் பின்னேரம் வந்த உடன, "பறுவதம் மாமி எங்கையம்மா, சத்தத்தைக் காணேல்லை?" எண்டான். "எனக்கென்ன தெரியும்" எண்டன். நனைஞ்ச உடுப்போட ஓடினவன். அதுக்குப் பிறகு வீட்டுக்கு வரேல்லை. அங்கை பந்தல் போட நிக்கிறானாம். கொள்ளி வைக்கவும் ஆளில்லையாம், ஆரையோ பிடிச்சிருக்கினமாம். எனக்கென்ன?

அதுதான் கதை விதானையார். இப்ப சொல்லுங்கோ. என்ர வேலியை வெட்டினவளுக்கு, என்ர காணியைப் பறிக்கப் பாத்தவளுக்கு, நான் வேலி பிரிச்சு வழி விடவேணுமோ?

ஏன் வேலிப் பக்கம் பாக்கிறியள்?

பொறுங்கோ. என்ன சத்தம் அது? வேலியில ஆரோ வெட்டுறாங்கள். அந்த இடத்திலதான்! விதானையார், உங்களை இஞ்ச இருத்தி என்னோட கதைக்க விட்டுப்போட்டு அங்காலயால வெட்டுறாங்களோ? ஆரடா அது? ஆரடா?

ராசன்.

டேய், கத்தியைக் கீழ போடு. கிட்ட வாடா, முகத்தைக் காட்டு. மீசை எங்கை? விதானையார், பாருங்கோ, மீசையை எடுத்துப்போட்டு நிக்கிறான். தாய் தேப்பன் செத்தவனெல்லோ மீசை எடுக்கிறது. நான் உயிரோட இருக்கிறன், இஞ்ச, உனக்கு முன்னால, கல்லு மாதிரி இருக்கிறன்! கொள்ளி வைக்கப் பிடிச்ச ஆள் நீயோ?

என்ன சொல்லுறாய்? இன்னொருக்கால் சொல்லு, மழையில கேக்கேல்லை.

"எனக்குப் பால் தந்தவவுக்கு நான் கொள்ளி வைக்காமல் ஆரம்மா வைக்கிறது" எண்டு கேக்கிறான். கேட்டியளோ விதானையார்? விசர்க் கதை கதைக்கிறான். நீங்கள் ஏன் தலையைக் குனியிறியள்? உங்களுக்கும் தெரியுமோ? நேற்று மன்னாரில இருந்து வந்த உங்களுக்கும் தெரியுமோ?

ஆரடா உனக்குச் சொன்னது? ஐயாவோ? ஐயாவுக்கும் தெரியுமோ? உன்ர ஐயா சாகும் வரைக்கும் என்னோட ஒரே பாயில படுத்த மனுசனடா. சொல்லவேண்டாம் எண்டு அவதான் எல்லாரையும் கேட்டவவோ? ஏனாம்? "பிள்ளை செத்தவளின்ர பால் எண்டு தெரிஞ்சால் அக்கை பதறிப்போவா" எண்டு சொன்னவவோ? என்ர வாளிச் சத்தம் கேக்கேல்லை எண்டுதான் வேலியை வெட்டினவவோ?

இல்லையடா. அது அம்மாளாச்சி. நான் கண்ணால கண்டனான். மடியில உன்னை வைச்சுக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, தலையை விரிச்சுப்போட்டு...

பிள்ளையைப் பறிகுடுத்தவள் தலை முடிவாளோ.

இருவத்தைஞ்சு வைகாசி! அங்கை போய்ப் பொங்கினன்! பக்கத்தில இருந்தவளுக்கு ஒரு அகப்பை சோறு குடுக்கேல்லை. அவள் சொல்லியிருக்கலாமெல்லோ? இந்தக் கிணத்தடியில, இந்தக் கிடுகுக்கு அங்கால நிண்டு ஒரு சொல்லு! "அக்கை, நான்தான்" எண்டு ஒரு சொல்லு! நான் பதறுவன், கத்துவன், மண்ணை அள்ளித் தூற்றுவன், பேந்து அடங்கியிருப்பன்தானே? எனக்கு ஒரு வாய்ப்புத் தராமல் செத்துப்போனாளே. கள்ளி. பெரிய கள்ளி. என்னை ஊர் முழுக்க விசரியாய்க் காட்டிப்போட்டுப் போயிட்டாள்.

கையை விடடா, நான் விழமாட்டன்.

குளிப்பாட்டியாச்சோ? இல்லையோ? அவளின்ர கப்பியால அள்ளாதையுங்கோ, அது கத்தும், எனக்குக் கேக்க ஏலாது. என்ர வாளியைக் கொண்டு போ. உந்தப் பொட்டுக்குள்ளால பாடை வராது, இடிபடும். அங்கால ஆறு கதியால் கழட்டோணும். உன்ர கத்தி மொட்டை, என்ர கத்தி கூரை இறப்பில செருகிக் கிடக்கு, எடு. கதியாலை வெட்டாதை, வேரோட கிளப்பு.

விதானையார், நான் விட்டுக்குடுத்திட்டன் எண்டு அங்கை போய் ஒருத்தருக்கும் சொல்லப்படாது. மழைக்காகத்தான் வழி விடுறன். எழும்புங்கோ, அவனுக்கு ஒரு கை குடுங்கோ.

ராசன், பிரேதம் போனாப்பிறகு வேலியை இண்டைக்கு அடைக்காதை. நனைஞ்ச கிடுகு, கட்டு நிக்காது.